பந்துத்தலை வாங்கப் போகும்போது கேமராவையும் கொண்டுபோங்கள்

முக்காலி வாங்குகிறவர்கள் கால்களைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். கார்பன் இழையா அலுமினியமா, மூன்று மடிப்பா நான்கு மடிப்பா, எம்ஆர்டி ரயிலில் தூக்கிச் செல்லத் தோதாக இருக்குமா என்று வாரக்கணக்கில் ஆராய்கிறார்கள். ஆனால் கால்களுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கும் கைப்பிடி அளவு உலோகத்தைப் பற்றி, பெட்டியில் கூடவே வந்தது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். ஓர் இரவு சிங்கப்பூரின் மெர்லயன் பூங்காவின் கரையில் முக்காலியை நிறுத்தி, 70-200 மி.மீ. லென்ஸ் மாட்டிய கேமராவைச் செங்குத்துப் படத்துக்காகத் திருப்பி, எதிர்க்கரையின் மூன்று கோபுரங்களை 30 விநாடித் திறப்பில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு சன்னல் விளக்கும் மேலும் கீழுமாகச் சிறு கோடாக இழுபட்டிருந்தது. காற்றில் ஆடியிருந்தால் கோடு அங்குமிங்கும் நடுங்கியிருக்கும். இது ஒரே திசையில் நேராக ஓடியிருந்தது. திருகை இறுக்கிய பிறகும் லென்ஸ் மெல்லத் தலை கவிழ்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

பால் ஹெட் என்று நாம் சொல்லும் அந்தப் பொருளை இந்தக் கட்டுரையில் பந்துத்தலை என்றே எழுதுகிறேன். தமிழில் பால் என்று எழுதிவிட்டால் தேநீர்க் கடை நினைவுக்கு வந்துவிடுகிறது. கடையில் மட்டும் பால் ஹெட் என்றே கேளுங்கள்.

அது வேலை செய்யும் விதம் எளியது. ஓர் உலோகப் பந்து கிண்ணம் போன்ற கூட்டுக்குள் அமர்ந்திருக்கும். பந்தின் மேல் ஒரு காம்பும், காம்பின் மேல் கேமராவைப் பிடிக்கும் கிளாம்பும் இருக்கும். திருகைத் தளர்த்தினால் கேமரா எந்தப் பக்கமும் சாயும். இறுக்கினால் கூடு பந்தை நெருக்கி நிறுத்தும். நிறுத்துவது முழுவதும் உராய்வுதான். பல்லோ கொக்கியோ எதுவும் கிடையாது. ஆகவே ஒரு பந்துத்தலையின் தரத்தை அறிய வேண்டுமானால், இறுக்கிவிட்டுக் கையை எடுத்த பிறகு அது என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடை

15 கிலோ தாங்கும், 25 கிலோ தாங்கும் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நம்மிடம் இருப்பதோ கேமராவும் லென்ஸும் சேர்ந்து இரண்டு கிலோ. அப்படியானால் எதை வாங்கினாலும் போதுமே என்று தோன்றும். அந்த எண்ணை அளக்க எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே முறை இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் வழியில் அளந்து போடுகிறார்கள். நேராக நிற்கும் பந்தின் தலையில் எடையை ஏற்றி வைத்தால் பெரிய எண்ணைக் காட்டுவது கடினமே அல்ல. ஆனால் நாம் படம் எடுக்கும்போது பந்து அப்படி நேராக நிற்பதில்லை.

இரண்டு கிலோ கேமராவின் எடைமையம் பந்தின் நடுப்புள்ளிக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேராக நிற்கும்போது பந்தைச் சுழற்ற முயலும் திருப்புவிசை ஏறக்குறைய சுழி. 30 பாகை சாய்த்தால் அது சுமார் 1 நியூட்டன் மீட்டர் ஆகிறது. செங்குத்துப் படத்துக்காகக் கேமராவை முழுவதுமாகப் பக்கவாட்டில், அதாவது 90 பாகை சாய்த்தால் கிட்டத்தட்ட 2 நியூட்டன் மீட்டர். எடை மாறவில்லை, பந்தின் மீதான சுமை மட்டும் மாறிவிட்டது. நீண்ட லென்ஸ் மாட்டிய கேமராவை அதன் அடியில் உள்ள துளையில் திருகி நிறுத்தினால் எடைமையம் முன்னோக்கி நகர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும். அதனால்தான் பெரிய லென்ஸ்களிலேயே, தலையில் பொருத்துவதற்கென்று தனியாக ஒரு கால் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் பந்துத்தலையைக் குறை சொல்வது நியாயமில்லை.

பந்தின் விட்டம் முக்கியம் என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. கூடு ஒரே விசையோடு நெருக்கினாலும், 54 மி.மீ. பந்தின் மேற்பரப்பு 36 மி.மீ. பந்தின் மேற்பரப்பைவிட மையத்திலிருந்து ஒன்றரை மடங்கு தள்ளி இருப்பதால், அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திருப்புவிசையை எதிர்த்து நிற்கும். என் கணிப்பில், சிறிய கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராவும் 24-70 போன்ற லென்ஸும் வைத்திருப்பவருக்கு 36 முதல் 40 மி.மீ. வரையிலான பந்து போதும். 70-200 எஃப்2.8 போன்ற கனமான லென்ஸ் வைத்திருப்பவர் 44 மி.மீ. அல்லது அதற்கு மேல் பார்க்கலாம். 54 மி.மீ. பந்துத்தலைகள் நன்றாகத்தான் நிற்கின்றன. ஆனால் தலை மட்டுமே முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். அதைச் சுமந்துகொண்டு ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வரை ஏறிப் போன பிறகுதான் அதன் விலை முழுவதும் புரியும்.

பறவைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் 600 மி.மீ. லென்ஸோடு கொக்கையும் மீன்கொத்தியையும் பின்தொடர்கிறவர்களுக்குப் பந்துத்தலை ஏற்றதல்ல. திருகைத் தளர்த்தி வைத்தால் லென்ஸ் திடீரென்று ஒரு பக்கமாகக் கவிழ்ந்து முக்காலியின் காலில் மோதும். அவர்களுக்கு, லென்ஸை ஊஞ்சல்போல் சமநிலையில் தாங்கும் கிம்பல் தலைதான் சரி. காணொளி எடுப்பவர்களும், சீராகத் திரும்பும் எண்ணெய்த் தலை (ஃபுளூயிட் ஹெட்) பக்கம் போய்விடுவது நல்லது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் போன்ற இடங்களுக்குப் போகும்போது உங்கள் கேமராவையும், உங்களிடம் உள்ளவற்றிலேயே கனமான லென்ஸையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் நயமாகக் கேட்டால் ஒரு முக்காலியில் தலையை மாட்டித் தருவார். கேமராவை முன்பக்கமாக 30 அல்லது 45 பாகை சாய்த்து, பின்திரையில் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, தரை ஓட்டின் விளிம்பு போன்ற கூர்மையான ஒரு கோட்டைத் திரையின் நடுவில் வைத்து, திருகை இறுக்குங்கள். இறுக்கும்போதே அந்தக் கோடு நகர்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கையை எடுங்கள், மறுபடி பாருங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மூன்றாம் முறை பாருங்கள்.

இந்த மூன்றும் மூன்று வேறு குறைகள். இறுக்கும்போது நகர்வது எரிச்சல் தரும், ஆனால் அதற்கு ஏற்ப முன்கூட்டியே சற்று மேலே வைத்துப் பழகிக்கொள்ளலாம். கையை எடுத்ததும் ஒரே ஒருமுறை தணிவது, காம்பும் கிளாம்பும் வளைந்து கொடுப்பதால் பெரும்பாலும் வருகிறது. சிறிதளவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கையை எடுத்த பின் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பதை மட்டும் எந்த விலைக்கும் ஏற்காதீர்கள். என் மெர்லயன் பூங்காப் படங்களைக் கெடுத்தது அதுதான்.

கொஞ்சம் இறங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) உணரியில் 200 மி.மீ. லென்ஸ் வெறும் அரைப் பாகை தணிந்தால், உணரியின் மேல் பிம்பம் சுமார் 1.7 மி.மீ. நகரும், 36 மி.மீ. அகலத்தில் அது இருபதில் ஒரு பங்கு. அதே அரைப் பாகை 24 மி.மீ. லென்ஸில் 0.2 மி.மீ. மட்டுமே. அகலக்கோண லென்ஸை மாட்டிச் சோதித்து நன்றாக இருக்கிறது என்று வாங்கி வந்தவர், வீட்டில் நீண்ட லென்ஸை மாட்டியதும் ஏமாறுவதற்குக் காரணம் இதுவே.

இணையத்தில் வாங்கியவர்கள் பொருள் வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதே சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு எதிர் புளோக்கின் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைவிடச் சிறந்த குறி கிடையாது. அந்த எண்ணின் ஓர் ஓரத்தை நடுவில் வைத்து, இரண்டு விநாடி டைமரில் ஒரு படமும், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு படமும் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 2024 முதல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான பொட்டலங்களுக்கும் பெரும்பாலும் சேர்ந்துவிடுவதால், இணைய விலைக்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளி முன்புபோல் பெரிதாக இல்லை. தொட்டுப் பார்த்து வாங்குவதற்காகச் சில வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது எனக்கு வீணாகத் தோன்றவில்லை.

திருகுகள், பள்ளம், கிளாம்ப்

நல்ல பந்துத்தலையில் மூன்று குமிழ்கள் இருக்கும்: பெரியது பந்தைப் பூட்ட, இன்னொன்று அடித்தளத்தைச் சுழற்றாமல் நிறுத்த, சிறியது உராய்வின் அளவை முன்கூட்டியே வைக்க. மலிவானவற்றில் ஒரே குமிழ் எல்லா வேலைகளையும் அரைகுறையாகச் செய்யும். உராய்வுக் குமிழ் இருந்தால், பெரிய திருகை முழுவதும் தளர்த்தினாலும் கேமரா கவிழாத அளவுக்குப் பிடியை வைத்துக்கொள்ளலாம். தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையின் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு படம் எடுப்பவருக்கு இது கேமராவைக் காப்பாற்றும். அந்த இருட்டில் பார்க்காமலே எது எந்தக் குமிழ் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஆகவே கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கூட்டின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கும். காம்பு அதில் இறங்கினால்தான் கேமரா 90 பாகை சாயும். சூப்பர்ட்ரீ எனும் மர வடிவக் கோபுரங்களின் அடியில் நின்று நேர் மேலே பார்த்து எடுப்பவர்களுக்கும், நிலவை எடுப்பவர்களுக்கும் அது தேவைப்படும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 1.3 பாகையிலேயே நாம் இருப்பதால் நிலவு பல இரவுகளில் உச்சந்தலைக்கு அருகில் போய் நிற்கிறது. ஆனால் செங்குத்துப் படங்களுக்கு அந்தப் பள்ளத்தை நம்புவதைவிட, ட வடிவத்தில் கேமராவைச் சுற்றி அமரும் எல் பிராக்கெட் ஒன்றை வாங்குவது மேல். கேமராவைக் கழற்றிப் பக்கவாட்டுப் பிடியில் செருகினால் எடைமையம் மீண்டும் முக்காலியின் நடுவிலேயே நிற்கும். மேலே சொன்ன 2 நியூட்டன் மீட்டர் தொல்லை தானாகவே ஓடிவிடும். இருக்கும் தலையை மாற்றுவதற்கு முன் இதை வாங்கிப் பார்க்கச் சொல்லி நண்பர்கள் சிலருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். அவர்களில் இருவர் தலையை மாற்றவே இல்லை.

கிளாம்பைப் பொறுத்தவரை ஆர்க்கா-சுவிஸ் வகையையே எடுங்கள். கேமராவின் அடியில் மாட்டும், சுமார் 38 மி.மீ. அகலமுள்ள அந்தச் சாய்விளிம்புப் பிளேட்டைப் பல நிறுவனங்கள் செய்வதால், தலையை மாற்றினாலும் பிளேட்டுகளை மாற்ற வேண்டியதில்லை. அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் இம்மியளவு மாறும். நெம்புகோல் கிளாம்ப் விரைவாகப் பூட்டும். ஆனால் வேறு நிறுவனத்தின் பிளேட்டை அது தளர்வாகப் பிடிக்கலாம். திருகு கிளாம்ப் மெதுவானது, எதையும் பிடிக்கும். பலவகைப் பிளேட்டுகள் சேர்ந்துவிட்டவருக்குத் திருகுதான் நிம்மதி. தலை முக்காலியில் மாட்டும் துளை பெரும்பாலும் 3/8 அங்குலம். சிறிய முக்காலிகளில் 1/4 அங்குலத் திருகு இருந்தால் இடையில் துளையைச் சிறிதாக்கும் ஒரு சிறு புஷ் (வளையம்) போட வேண்டியிருக்கும்.

பல படங்களைச் சேர்த்து ஓர் அகலப் படமாகத் தைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணப் பந்துத்தலையில் சுழலும் பகுதி பந்துக்குக் கீழே இருக்கிறது. முக்காலி சற்றுச் சாய்ந்திருந்தால், பந்தில் கேமராவை மட்டமாக வைத்தாலும், திருப்பத் திருப்ப அடிவானம் சரியும். பந்துக்கு மேலே, கிளாம்பிலேயே சுழலும் தலை இதற்கு மருந்து. விலை கூடும், மரினா பேயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தைக்க ஆசைப்படாதவருக்கு அது வேண்டியதில்லை.

பழையது வாங்குவதும் பராமரிப்பும்

கேரோசல் இணையச் சந்தையில் பழைய பந்துத்தலைகள் நிறையவே கிடைக்கின்றன. உள்ளே மின்சுற்று எதுவும் இல்லாததால் துணிந்து வாங்கலாம். சந்திக்கும் இடத்தில் பந்தை எல்லாப் பக்கமும் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கரகரத்தாலோ விக்கினாலோ உள்ளே மணலோ அரிப்போ இருக்கிறது. பந்து பளபளவென்று எண்ணெய் மினுமினுப்போடு இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். சுழற்றுவது கடினமாக இருந்ததால் யாரோ எண்ணெய் விட்டிருக்கலாம். உராய்வால் நிற்கும் பொருளுக்கு எண்ணெய் விடுவது பிரேக்கில் எண்ணெய் விடுவதற்குச் சமம்.

ஈஸ்ட் கோஸ்ட்டிலோ மரினா பேரேஜிலோ கடற்காற்றில் நின்றுவிட்டு வந்த இரவில், நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பந்தையும் கூட்டின் விளிம்பையும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிடுங்கள். குளிரூட்டிய ரயிலிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிவதைப் போலவே பந்தின் மேலும் நீர்ப்படலம் படியும். லென்ஸைத் துடைக்கிற கையோடு அதையும் துடைத்த பிறகு பூட்டுங்கள். வீட்டில் கேமராவை வைக்கும் உலர்பெட்டியில் இடம் இருந்தால், திருகுகளைத் தளர்த்தி இதையும் உள்ளே வைத்துவிடலாம்.