மழை நாளுக்குக் கம்பு பாசிப்பருப்புக் கஞ்சி: முதல்முறை செய்கிறவர்களுக்கு

ராஜஸ்தான், ஹரியானா பக்கம் குளிர்காலத்தில் கம்பையும் பருப்பையும் சேர்த்துக் குழைய வேகவைத்து, மேலே தாராளமாக நெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். பாஜ்ரா கிச்சடி என்பார்கள். மலேசியாவில், இங்கே சுங்கை சிப்புட்டில் நமக்குக் குளிர்காலம் ஏது? ஆனால் அக்டோபர், நவம்பரில் மத்தியானம் பிடிக்கிற மழை சில நாள் ராத்திரி வரை விடாது, அதற்கு இது போதும். கம்பு குளிர்ச்சி என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள், வடக்கே சூடு என்கிறார்கள். நாம் குடிப்பது புளிக்கவைத்து மோர் ஊற்றிக் கரைத்த கூழ், அவர்கள் சாப்பிடுவது நெய்யோடு ஆவி பறக்க, அதனால் இந்தச் சண்டையில் நான் தலையிடுவதில்லை.

நாலு பேருக்கு முழுக் கம்பு 1 கப், பாசிப்பருப்பு அரை கப், தண்ணீர் 6 கப். தாளிக்க நெய், சீரகம், ஒரு துண்டு இஞ்சி, பெருங்காயம், அப்புறம் மஞ்சள்தூள், உப்பு. ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு விற்கிற மளிகைக் கடையிலேயே கம்பும் கேட்டுப் பாருங்கள். கம்பு மாவு இருக்கிறது என்று எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், மாவில் செய்தால் களிதான் வரும். அதோடு கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், அரைத்து வைத்தால் சீக்கிரமே காறல் வாடையும் கசப்பும் வந்துவிடும், நம் ஊர்ப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம்.

முதலில் கம்பில் கல், தூசி பார்த்து, மிதக்கிற உமியெல்லாம் போகிற வரை கழுவி, 8 மணி நேரம் ஊறவையுங்கள். ராத்திரி ஊறப்போட்டால் பிரிட்ஜில் வைப்பது நல்லது, வெளியே இருந்தால் விடிவதற்குள் புளிப்பு தட்டிவிடும். பிறகு தண்ணீரைச் சுத்தமாக வடித்துக் கால் மணி நேரம் வடிதட்டிலேயே விடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. ராஜஸ்தானில் லேசாகத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, உமியைப் புடைத்து எடுப்பார்கள். நமக்கு மிக்ஸிதான், அதனால் ஓடவிடாமல் விட்டு விட்டு மூன்று நாலு சுற்று சுற்றி, திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்றாக உடைந்து ரவை மாதிரி இருக்க வேண்டும். உடையாத கம்பு எத்தனை விசில் வைத்தாலும் தோல் வாயில் நிற்கும், நைஸாக அரைத்துவிட்டால் கஞ்சி பசையாகிவிடும். உமி கொஞ்சம் கிடந்தால் பரவாயில்லை.

குக்கரில் ஒரு கரண்டி நெய் விட்டு சீரகம், இஞ்சி, பெருங்காயம் தாளித்து, கழுவிய பருப்பைப் போட்டு வாசம் வருகிற வரை கிளறுங்கள். கம்பு, மஞ்சள், உப்பு, தண்ணீர் எல்லாம் சேர்த்து, கொதி வருகிற வரை கிண்டிக்கொண்டே இருந்தால்தான் அடியில் கட்டி பிடிக்காது. அப்புறம் மூடி, மிதமான தீயில் 6 விசில், சிம்மில் 10 நிமிடம், ஆவி தானாக அடங்கிய பிறகு திறங்கள். நுரைத்துப் பொங்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சாதாரண ரைஸ் குக்கரில் வைத்தால் பொங்கி மேடையெல்லாம் வழியும். பிரஷர் குக்கர் இல்லையென்றால் கனமான சட்டியில் முக்கால் மணி நேரமாவது பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும்.

ஆற ஆறக் கெட்டியாகும், வெந்நீர் ஊற்றித் தளர்த்திக்கொள்ளுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். வடக்கே நெய்யும் வெல்லமும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். வெல்லத்துக்குப் பதில் குலா மெலாகாவை, அதாவது தென்னங்கருப்பட்டியை, சீவிப் போட்டால் இன்னும் வாசம். ஆனால் என்னைக் கேட்டால் இக்கான் பிலிஸ் சம்பல், அதாவது நெத்திலிக் கருவாட்டுக் காரச் சம்பல்தான் இதற்குச் சரியான ஜோடி, ராஜஸ்தான்காரர்கள் என்ன நினைத்தாலும் சரி. மிச்சம் இருந்தால் பிரிட்ஜில் வைத்து, காலையில் சூடான பால் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம், ஆனால் சம்பல் கலந்த கஞ்சியை அதில் சேர்க்காதீர்கள்.