கிட்டாரின் கம்பளியை விலக்க: பொட், கெபாசிட்டர் தேர்ந்தெடுக்கும் விதம்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கோயில் திருவிழாவுக்கு வாசித்த இரவில் என் கிட்டார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவதுபோல் ஒலித்தது. தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பை மாற்றினால்தான் சரிவரும் என்றார்கள். அதன் விலையோ, அம்மா பல நாள் கொழுந்து பறித்துக் கிடைக்கும் சம்பளம். அந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன் பின்மூடியைக் கழற்றி, பொட்டில், அதாவது திருகைத் திருப்பினால் மின்தடை மாறும் பாகத்தில், பற்றவைத்த கம்பிகளை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரால் அளந்தேன். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்புக்கு 500 கிலோ ஓம் பொட் இருக்க வேண்டிய இடத்தில் 250 இருந்தது. வால்யூம், டோன் இரண்டு பொட்டுகளையும் மாற்றினேன், கம்பளி விலகியது. இன்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடமும் முதலில் பொட்டைப் பாருங்கள் என்றே சொல்கிறேன்.

பிக்கப்பின் சிக்னலில் ஒரு பங்கு பொட் வழியாக எர்த்துக்கு இறங்கிவிடுகிறது. பொட்டின் மதிப்பு குறையக் குறைய, உச்ச ஒலிகளின் கூர்மைதான் முதலில் மழுங்கும். ஒற்றைச் சுருள் பிக்கப் இயல்பிலேயே கூர்மையானது. அதற்கு 250 பொருந்தும். இரட்டைச் சுருள் ஹம்பக்கரின் குரல் தடித்தது. அதற்கு 500 வேண்டும்.

கொழும்புக்கு ரயிலேறிப் போனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பொட் வாங்கலாம். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். 250 என்று அச்சிட்ட பொட், 200 முதல் 300 வரை எங்கும் இருக்கலாம்; 20 சதவீத வேறுபாடு சாதாரணம். இரண்டு ஓரக் கால்களுக்கும் இடையே அளந்து பாருங்கள். உங்கள் கிட்டார் மங்கலானதென்றால் 280ஐ நெருங்குவதை எடுங்கள். காதைக் குத்துகிறதென்றால் 220 பக்கம் போங்கள். கடைக்காரர் பொறுமையிழந்தாலும் விட்டுவிடாதீர்கள், இந்த ஐந்து நிமிடம் மிக முக்கியமானது. வால்யூமுக்கு, காதுக்குச் சத்தம் சீராக ஏறுவதுபோல் கேட்கும் ஏ என்று குறித்த வகை நல்லது. குறி அழிந்திருந்தால் திருகை நடுவில் நிறுத்தி, நடுக்காலிலிருந்து ஒவ்வொரு ஓரக்காலுக்கும் அளக்கவும். இரண்டும் சமமானால் அது பி வகை. பெரிதும் வேறுபட்டால் ஏ.

அடுத்தது, டோனைக் குறைக்கும்போது உச்ச ஒலிகளை எர்த்துக்கு இறக்கிவிடும் கெபாசிட்டர். பெயர்பெற்ற கெபாசிட்டர் என்று அதிக விலை சொன்னால் வாங்காதீர்கள். காதுக்குக் கேட்பது அதன் மதிப்பு. மேலே எழுதிய பெயர் அன்று. அதன்மேல் 223 என்று அச்சிட்டிருந்தால் 0.022 மைக்ரோஃபாரட், 473 என்றால் 0.047. ஹம்பக்கருக்கு முதலாவதும் ஒற்றைச் சுருளுக்கு இரண்டாவதும் வழக்கம். பிக்கப்பிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஆகவே 50 வோல்ட் பொலியஸ்டர் வகை தாராளமாகப் போதும். பழுதான ரேடியோவிலிருந்து கழற்றியதையே நான் பல கிட்டார்களில் வைத்திருக்கிறேன். ஈயம் வைக்குமுன் கெபாசிட்டர் வரும் இடத்திலிருந்து முதலை கிளிப் மாட்டிய இரண்டு கம்பிகளை வெளியே இழுத்து, 103, 223, 473 மூன்றையும் மாறி மாறிப் பிடித்து, டோனைச் சுழியத்துக்குத் திருப்பி வாசியுங்கள். டோன் 10இல் இருக்கும்போது மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

வால்யூமைக் குறைத்தால் மட்டும் சத்தம் மங்குகிறதா? வால்யூம் பொட்டில் சிக்னல் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 102 கெபாசிட்டர் ஒன்றையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் பக்கவாட்டில், இரண்டும் அதே இரு கால்களைத் தொடுமாறு, சேர்த்து வையுங்கள். கேபிளையும் சந்தேகியுங்கள், நீளம் கூடக் கூட உச்ச ஒலி குறையும். வீட்டில் பழகுவதற்கு மூன்று மீற்றர் போதும்.

எங்கள் ஊரில் இன்னொரு எதிரி ஈரம். தென்மேல் பருவமழைக் காலத்தில் லயன் அறைச் சுவரில் சாய்த்து வைத்த கிட்டாரின் பொட் கரகரக்கும். புதிது வாங்குமுன் மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் கொண்டக்ட் கிளீனர் ஸ்ப்ரேயைச் சிறிது அடித்து, திருகை இருபது முப்பது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ விடவே கூடாது. அதன் பிறகும் கரகரத்தால் மாற்றுங்கள்.

பொட்டின் முதுகில் எர்த் கம்பியைப் பற்றவைக்க 40 வோட் ஈயப் பற்றவைப்பு இரும்பாவது தேவை. வோட் குறைந்த இரும்பை நெடுநேரம் பிடித்தால் சூடு உள்ளே இறங்கி, தேடி அளந்து வாங்கிய பொட்டே கெட்டுவிடும். மூடியை மூடுமுன், தந்திகள் தங்கும் பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் கம்பி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தந்திகளைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இணைந்திருக்கிறது.