பூட்டிக் கிடந்தால் கைவிட்டதாக அர்த்தமில்லை: கிழக்கு ஆல்பர்ட்டாவின் உக்ரைனியத் தேவாலயங்களுக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்துவிட்டால் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எட்மன்டனுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: வயல் நடுவே நிற்கிறதே, அந்தக் குவிமாடத் தேவாலயங்களைப் பார்க்க எப்படிப் போவது? வழி சொல்லி அனுப்புகிறேன். திரும்பி வந்து அவர்கள் சொல்வதைக் கேட்டால், எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கியிருப்பார்கள். ஆரம்பத்தில் எனக்கும் அங்கேதான் தடுக்கியது. பெட்ரோல் போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முட்டையோடு திரும்பிவிடுவது

வெக்ரவில் ஊரில் காற்றடிக்கும் திசைக்குத் திரும்பும் பெரிய பிசாங்கா, அதாவது உக்ரைனியர்களின் வண்ணவேலை செய்த ஈஸ்டர் முட்டை வடிவம், இருக்கிறது. 1975இல் முடிந்த வேலை. கணினி அறிவியலாளர் ரொனால்ட் ரெஷ் கணக்குப் போட்டு வடிவமைத்தார். அவசியம் பாருங்கள். ஆனால் பலர் அதோடு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். 1891இல் இன்றைய மேற்கு உக்ரைனிலுள்ள நெபிலிவ் கிராமத்திலிருந்து இவான் பிலிப்பிவும் வாசில் எலெனியாக்கும் கனடாவுக்கு வந்து இறங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து 1914க்குள் ஏறக்குறைய 1,70,000 பேர் வந்தார்கள். அந்த மக்கள் கட்டியவை நெடுஞ்சாலையில் இல்லை, உள்ளே மண் சாலைகளில் இருக்கின்றன.

புர்தேயை ஒரு நிமிடத்தில் கடப்பது

எட்மன்டனுக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில், எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில், உக்ரைனியப் பண்பாட்டுப் பாரம்பரியக் கிராமம் இருக்கிறது. அங்கே முதலில் புர்தேயிடம் போங்கள். தரையைத் தோண்டி, மேலே மரக்கழி அடுக்கி, புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளால் மூடிய குழிவீடு. முதல் குளிர்காலத்தை இதற்குள்தான் குடும்பத்தோடு கழித்தார்கள். குனிந்து உள்ளே போய், கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். அதன்பிறகு வெள்ளையடித்த வீட்டுக்குப் போனால் அந்தச் சுவரின் மதிப்பு தெரியும். களிமண், வைக்கோல், சாணம் கலந்து பூசிய சுவர். நம் ஊர் மண்வீட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

வீட்டில் வேடமிட்டு இருக்கும் பணியாளர் அந்தக் காலத்து ஆளாகவே பேசுவார். "நிஜத்தில் நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டு அவர் வேலையைக் கெடுக்காதீர்கள். நிலம் எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். 10 டாலர் கட்டி 160 ஏக்கர் பதிந்துகொண்டு, மூன்று வருடம் குடியிருந்து, காட்டைத் திருத்தி, வீடு கட்டிக் காட்டினால்தான் பட்டா கிடைத்தது என்ற கதையை அவர் வாயாலேயே கேட்கலாம்.

பூட்டிய தேவாலயத்தைக் கைவிடப்பட்டது என்று முடிவு கட்டுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சில கோடைகளுக்கு முன் தெரிந்த பையன்கள் சிலர் ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் படங்களைக் காட்டினார்கள். எல்லாம் உள்ளே எடுத்தவை. கதவு பூட்டியிருந்ததாம், பின்பக்கச் சன்னல் கொக்கி தளர்வாக இருந்ததாம், ஏறிக் குதித்திருக்கிறார்கள். "யாருமே இல்லாத இடம்" என்று எழுதி, போகும் வழியோடு இணையத்திலும் போட்டுவிட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். திருவுருவப் படத்தின் மேல் போர்த்தியிருந்த பூவேலைத் துணியில் இஸ்திரி மடிப்பு அப்படியே தெரிந்தது. வெளியே எடுத்த படத்தில் புல் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருந்தது, கல்லறைச் சிலுவைகளில் புது வெள்ளைப் பெயின்ட். யாருமே இல்லாத இடத்தில் துணியை யார் துவைத்து மடிப்பார்கள்?

இந்தத் தேவாலயங்கள் பலவற்றில் வழிபாடு வருடத்துக்குச் சில நாட்கள்தான். ஊர்த் திருநாளான க்ராம் அன்று பாதிரியார் வருவார். ஈஸ்டருக்குப் பிறகு கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்கும் நாள் ஒன்று உண்டு. மீதி நாட்களில் பூட்டுத்தான். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து புல் வெட்டுகிறார்கள், கூரைத் தகரம் மாற்றுகிறார்கள், காப்பீடு கட்டுகிறார்கள்.

ஒருவர் சன்னல் வழியே போய் வழியையும் எழுதிவைத்தால், அடுத்து வருபவர் படம் எடுக்க மட்டும் வரமாட்டார். மெழுகுவர்த்தித் தண்டு போகும், சிலுவை போகும். யாராவது சிகரெட் அணைக்காமல் போட்டால், நூறு வருடத்து உலர்ந்த மரக் கட்டடம், தீயணைப்பு வண்டி பல மைல் தள்ளி. அந்தச் சன்னலுக்கு இப்போது இரும்புத் தகடு அடித்துவிட்டார்கள். முறையாகக் கேட்டு வருபவர்களுக்கும் முன்போல் உடனே திறப்பதில்லை. தகட்டுக்கான செலவு அந்தப் பெரியவர்கள் கையிலிருந்து போனது.

செய்ய வேண்டியது எளிது. ஓரிரு வாரம் முன்பே போன் செய்து கேளுங்கள். வாசல் பலகையில் மறைமாவட்டத்தின் பெயர் இருக்கும், அங்கே கேட்கலாம். இல்லாவிட்டால் பக்கத்து ஊர் மளிகைக் கடை, சமூகக் கூடம், கவுன்ட்டி அலுவலகம், எங்கே கேட்டாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்வார்கள். மே மாத விதைப்பிலும் செப்டம்பர் அறுவடையிலும் கேட்காதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு முறை நான் கேட்டபோது, டிராக்டரை வரப்பில் நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் கைகூடத் துடைக்காமல் வந்து திறந்துவிட்டார். வெளியே வெறும் வெள்ளைப் பலகைச் சுவர். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் நீல விதானம் முழுக்கப் பொன் நட்சத்திரங்கள். பீட்டர் லிபின்ஸ்கி போன்ற ஓவியர்கள் ஊர் ஊராகப் போய் இப்படி வரைந்திருக்கிறார்கள். சாவியோடு வந்த பெரியவர் தன் தாத்தா எந்தத் தூணை இழைத்தார் என்று தொட்டுக் காட்டினார். சன்னல் ஏறிப் போனவர்களுக்கு அந்தத் தூண் யாருடையது என்று தெரியவே தெரியாது.

கிளம்பும்போது கல்லறைப் பராமரிப்புக்கென்று பணம் கொடுங்கள். ரொக்கமாக.

படச்சுவரின் பின்னால் போவது

கூடாது. பலிபீடத்தை மறைத்து நிற்கும், திருவுருவப் படங்கள் வைத்த சுவர் அது. நடுக்கதவு குருமார்களுக்கு மட்டும்.

அவர்களை ரஷ்யர்கள் என்பது

கல்லறையில் சிரிலிக் எழுத்து, சில பலகைகளில் "ரஸ்ஸோ-கிரீக் ஆர்த்தடாக்ஸ்" என்ற பெயர். பார்ப்பவர்கள் குழம்புவது இயல்பு. இங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் கலீசியா, புகோவினா பகுதிகளிலிருந்து வந்தவர்கள். இரண்டும் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தன. அதனாலேயே முதல் உலகப் போரில் கனடா இவர்களை எதிரி நாட்டவர் என்றது. 1914 முதல் 1920 வரை முகாம்களில் அடைக்கப்பட்ட 8,579 பேரில் பெரும்பாலோர் உக்ரைனியர்கள்தான். சாவி கொண்டுவருபவரின் குடும்பத்திலும் அந்த நினைவு இருக்கலாம். வார்த்தையைப் பார்த்து விடுங்கள்.

போன் மேப்பை மட்டும் நம்புவது

உள்ளே போகப் போக சிக்னல் விட்டு விட்டு வரும். சாலை எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். ரேஞ்ச் ரோடு வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்று, மேற்கே போனால் எண் கூடும். டவுன்ஷிப் ரோடு கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று, வடக்கே போனால் கூடும். 564 என்றால் 56ஆவது டவுன்ஷிப் என்ற நில அளவைப் பிரிவின் தென் எல்லையிலிருந்து நான்கு மைல் வடக்கே. குவிமாடம் தூரத்திலேயே கண்ணில் படும் என்றாலும், யாரோ ஒருவரின் கனோலா வயலுக்குள் வண்டியை விடாதீர்கள்.

காலையில் முகப்பைப் படமெடுப்பது

பலிபீடம் கிழக்கே, வாசல் மேற்கே. மதியத்துக்குமேல் போங்கள்.

செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு போவது

பாரம்பரியக் கிராமத்தின் கோடைப் பருவம் மே நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைதான்.

மழை பெய்த மறுநாள் மண் சாலையில் இறங்குவது

களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் நாலு சக்கர இழுவை வண்டியும் நகராது. அன்றைக்கு நெடுஞ்சாலையை விட்டு அதிகம் விலகாமல் மண்டேர் ஊருக்குப் போங்கள். 1902இல் வந்த பசிலியன் துறவிகளின் அருங்காட்சியகத்தில் பழைய வழிபாட்டு நூல்கள் இருக்கின்றன. அங்கேயும் முன்கூட்டிப் போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். கிராமத்துத் தேவாலயங்களைச் சாலை காய்ந்த பிறகு, சாவிக்காரரிடம் புது நாள் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள்.