எலெக்ட்ரீஷியன் ஒரு நாளைக்கு எத்தன வீடு செக் பண்ண முடியும்?

வயரிங் செக் பண்ண வாறவரு ஒரே நாள்ல எட்டு வீடு பாத்துருவேன்னு சொன்னா நம்பாதீங்க, ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கே மெயின ஆஃப் பண்ணி, டிவி பிரிட்ஜ் எல்லாம் பிளக்க உருவிட்டு வயரோட இன்சுலேஷன சோதிக்கிற மெக்கர் மீட்டர்ல 500 வோல்ட் போட்டு பாத்து (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் 1 மெகாஓமுக்கு கீழ வந்தா சிக்கல்தான்), எர்த்தும், கரண்ட் கசிஞ்சா சப்ளைய கட் பண்ற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபியும் டெஸ்ட் பண்ண ரெண்டு மணிநேரம் ஓடிரும். மூணு வீடு, மிஞ்சினா நாலு.

குளச்சல், முட்டம் பக்கம்னா அதுவும் கஷ்டம். உப்புக்காத்துல ஸ்குரு துருப்பிடிச்சு, பித்தள டெர்மினல் பச்ச பூத்து கெடக்கும், எங்க மோட்டார் போர்ட தொறக்கவே முக்கா மணிநேரம் ஆச்சு கேட்டியளா.

அதனால காலைல மொத வீடா வரச்சொல்லுங்க. சாயங்காலம் களைச்சு வந்தா ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன மட்டும் அமுக்கிட்டு போயிருவாங்க, அதுல எர்த் ஒழுங்கா இருக்கான்னு தெரியவே தெரியாது.