மேடையில் ஃபெஸ்ஸிவிக்: முதன்முறை நடிப்பவருக்கான செய்முறை

சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில், கதைநாயகனான கஞ்சன் ஸ்க்ரூஜுக்கு இளமையில் முதலாளியாக இருந்த ஃபெஸ்ஸிவிக் சில பக்கங்களுக்கே வந்துபோகிறார். அதனால் நாடகக் குழுவினர் பலர் இந்த வேடத்தைப் புதியவர் ஒருவருக்குக் கொடுத்து, வயிற்றில் தலையணையைக் கட்டி, சிரித்துக்கொண்டே இருக்கச் சொல்லி மேடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவர் கோமாளியல்லர், ஊழியர்களின் ஒரு நாளை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்கும் அதிகாரம் உடைய முதலாளி. கடந்த காலத்தைக் காட்டும் ஆவி ஒன்று ஸ்க்ரூஜை அழைத்துப்போய், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் ஃபெஸ்ஸிவிக் கடையை மூடி ஊழியர்களுக்கு நடத்திய நடன விருந்தைக் காட்டுவதே காட்சி. அதை நான் இயக்கியபோது கையாண்ட முறையைச் சொல்கிறேன்.

படி 1: உடை

தலைக்குக் கம்பளி நூலில் பின்னிய ‘வெல்ஷ் விக்’ தொப்பிதான் வேண்டும். வெள்ளைப் பொடி தூவிய நீதிபதி விக்கை வாடகைக்கு எடுக்காதீர்கள். தொளதொளப்பான வெயிஸ்ட்கோட் (கையில்லாத மேல்சட்டை), முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, வெள்ளைக் காலுறை ஆகியவை போதும்.

படி 2: கடையை மூடுதல்

உயரமான மேசைக்குப் பின்னே அமர்ந்திருப்பவர் பேனாவைக் கீழே வைக்கிறார், கடிகாரத்தில் மணி 7 ஆகியிருப்பதைப் பார்க்கிறார், கைகளைத் தேய்த்துக்கொள்கிறார், வெயிஸ்ட்கோட்டைச் சரிசெய்கிறார், உடல் முழுவதும் குலுங்கச் சிரிக்கிறார், அதற்குப் பிறகே எபனேசரையும் (ஸ்க்ரூஜின் முதற்பெயர்) உடன் வேலை செய்யும் டிக்கையும் கூப்பிடுகிறார். இவற்றை ஒன்றாகக் குழப்பாமல் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்பவர் முதலாளியே என்பது பார்வையாளர் மனத்தில் பதிய இந்த நிதானம் தேவைப்படுகிறது.

படி 3: ‘கட்’

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். ‘சர் ரோஜர் டி கவர்லி’ என்பது இரண்டு வரிசைகள் எதிரெதிரே நின்று ஆடும் நாட்டுப்புற நடனம். அதன் முடிவில் ஃபெஸ்ஸிவிக் துள்ளி எழுந்து, அந்தரத்தில் பாதங்களைச் சட்டென்று குறுக்காக மாற்றி, தள்ளாடாமல் தரையில் இறங்குகிறார். கால்களாலேயே கண் சிமிட்டியதுபோல் இருந்தது என்கிறார் டிக்கன்ஸ். முதலில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, குதிக்காமல், பாதம் மாற்றுவதை மட்டும் பழகுங்கள். அது கைவந்த பிறகு சிறிய துள்ளலைச் சேர்த்து, இறங்கும்போது முழங்காலை மடக்கி எடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். உயரம் முக்கியமன்று, இறங்கியபின் அசையாமல் நிற்பதே முக்கியம். ரப்பர் அடிப்பாகம் தரையைப் பற்றிக்கொள்ளும் என்பதால் நான் மெல்லிய தோல் காலணியையே விரும்புவேன். கெண்டைக்கால்களிலிருந்து ஒளி வீசியதாகக் கதை சொல்வதால், தரை மட்டத்தில் பக்கவாட்டாக ஒரு விளக்கு வையுங்கள். வெள்ளைக் காலுறையின் பயன் அப்போது புரியும்.

படி 4: கதவருகே

மணி 11 ஆனதும் ஃபெஸ்ஸிவிக் தம்பதியர் வாசலின் இருபுறமும் நின்று, வெளியேறும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கைகுலுக்கி வாழ்த்துகிறார்கள். நேரமில்லை என்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்து முடித்துவிடாதீர்கள். இந்த விருந்துக்குச் செலவு மூன்று நான்கு பவுண்டுதானே என்று ஆவி சீண்ட, ஃபெஸ்ஸிவிக் தந்த மகிழ்ச்சி பெருஞ்செல்வத்துக்கு ஈடானது என்று ஸ்க்ரூஜ் பொங்கிப் பதில் சொல்லும் உரையாடல் அடுத்து வருகிறது. அந்தப் பதிலை ரசிகர்கள் நம்பக் காரணமாவது இந்தக் கைகுலுக்கல்தான்.

பின்சேர்க்கை: ஆள் பற்றாக்குறை என்று சிலர் எழுதியிருந்தார்கள். கதையில் இருபதுக்கு மேற்பட்ட ஜோடிகள் ஆடினாலும் மேடைக்கு 4 ஜோடிகள் போதும். ஃபெஸ்ஸிவிக்கின் 3 மகள்களையும் ஒருவராகக் குறைக்கலாம். ஆனால் வயலின்காரர் அந்த உயரமான மேசைமீது ஏறி வாசிப்பதை வெட்டிவிடாதீர்கள். மேசைக் கால்களுக்குக் குறுக்குச்சட்டம் அடித்துவிட்டால் ஆட்டம் காணாது.