கூரைத் தீயும் வைக்கோல் தீயும்: டெல்டா கோடையில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ம் தேதி மூடிவிடுவார்கள். ஜூன் 12-ல் திறக்கிற வரைக்கும் காவிரியிலும் வெண்ணாற்றிலும் மணல்தான். சம்பாவும் தாளடியும் அறுத்து, பங்குனியில் உளுந்தும் பயறும் பிடுங்கி முடித்துவிட்டால், சித்திரைக்கு வயல் முழுக்கத் தாளும் சருகும்தான் மிச்சம். வாய்க்கால் கரையில் நாணலும் கோரையும் காய்ந்து நிற்கும். வீட்டுக்கொரு வைக்கோல் போர். தெருவில் பாதிக்குக் கீற்றுக் கூரை. கத்திரி தொடங்கும்போது இவை எல்லாமே ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

காட்டுத்தீ என்றால் மலையோரத்து ஊர்களுக்கு வருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் கோடையில் நம் வயல்வெளியில் தீ ஓடுகிற வேகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் தெருவில் ஒரு சித்திரை மதியம் 7 வீடு எரிந்தது. நான் அங்கே இருந்தேன். ஊரே ஓடி வந்தது, பக்கத்து ஊரிலிருந்தும் வந்தார்கள். ஒருவர்கூட வேடிக்கை பார்த்து நிற்கவில்லை. அப்படி இருந்தும், காப்பாற்றியிருக்கக் கூடிய 3 வீட்டைக் கோட்டைவிட்டோம். மனசு இருந்தது, முறை தெரியவில்லை. அந்த முறையைப் பற்றித்தான் இது.

தீ எங்கிருந்து வருகிறது

அன்றைக்குத் தீ வந்தது ஒரு சாம்பல் குவியலிலிருந்து. காலையில் விறகடுப்பை வழித்துக் கொல்லைக் குப்பையில் கொட்டியிருந்தார்கள். மேலே தொட்டால் ஆறியிருக்கும், உள்ளே கங்கு மதியம் வரை உயிரோடு இருக்கும். காற்று எழும்பியதும் குப்பை பற்றி, படல் பற்றி, தாழ்வாரத்துக் கீற்றில் ஏறிவிட்டது. சாம்பலைக் கொட்டுவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறிவிட்டால் போதும். மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்குப் போடுகிற மூட்டமும் இதே கதைதான். அதைத் தரையில் போடாமல் பழைய இரும்புச் சட்டியில் போட்டு, படுக்கப் போகும் முன் தண்ணீர் தெளித்துவிட வேண்டும்.

அடுத்தது வயல் தாளைக் கொளுத்துவது. இதில் இரண்டு தப்புக் கணக்கு இருக்கிறது. காலையில் மேல்காற்று அடிக்கிறது, தீ கிழக்கே போய்ச் சாலையில் நின்றுவிடும் என்று நினைத்து வைப்பார்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் திசை மாறிவிடும். வயலை நோக்கி ஓடிய தீ ஊரை நோக்கித் திரும்பும். இரண்டாவது, வரப்பு தடுத்துவிடும் என்கிற நம்பிக்கை. மழைக்காலத்தில் பச்சையாக இருக்கிற வரப்பு அது. சித்திரையில் அந்த வரப்பில்தான் காய்ந்த புல் அதிகம், தீக்கு அதுவே வழி போட்டுக் கொடுக்கும். வாய்க்காலிலும் தண்ணீர் இல்லை, ஆறு மாதத்துக்கு முன் நாம் பார்த்த ஊர் இது இல்லை.

கொளுத்தவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முன்பு அறுவடைக்கு 7 முதல் 10 நாள் இருக்கும்போதே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவோம், தாளுக்குள்ளேயே உளுந்து முளைத்து வரும். அப்போது கொளுத்துகிற பேச்சே கிடையாது. அறுவடை மெஷின் வந்தபின் அந்தப் பழக்கம் பல இடத்தில் குறைந்துவிட்டது, அதோடு தீப்பெட்டியும் கைக்கு வந்தது. இப்போது வைக்கோலைக் கட்டுக் கட்டாகச் சுற்றித் தருகிற மெஷின் வருகிறது, கட்டை விலைக்கு வாங்க ஆளும் வருகிறார்கள். மிச்சத் தாளைக் கோடை உழவில் மடக்கிவிடலாம். கொளுத்தினால் மேல்மண்ணில் இருக்கிற நல்ல உயிர்களும் சேர்ந்து போய்விடுகின்றன. ஊரைச் சுற்றியுள்ள வயலில் ஓர வரிசையை மட்டுமாவது 2 சால் உழுது வைத்தால், வேறு யாரோ வைத்த தீயும் அங்கே நின்றுவிடும். இதை ஊர்ப் பொதுவில் பேசி, ஒரே டிராக்டரை வைத்து ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

அப்புறம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். கோடையில் நாளிதழ் படிக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி புதிதில்லை: மின்கம்பியில் உரசி வைக்கோல் பற்றியது. தை மாதம் அதே சாலையில், அதே உயரத்துக்கு ஏற்றிப் போனேனே, அப்போது உரசவில்லையே என்பார்கள். வெயிலில் கம்பி நீளும், தொய்வு கூடும். தையில் இருந்த இடைவெளி வைகாசியில் இருக்காது. தாழ்ந்து தொங்குகிற கம்பியைப் பார்த்தால் மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பைக் கொண்டு கம்பியைத் தூக்கிப் பிடித்து வண்டியை விடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது உயிரைக் கொண்டுபோகிற வேலை.

பற்றிவிட்டால் ஓட்டுநர் செய்கிற பெரிய தவறு, பதற்றத்தில் வண்டியைத் தெருவுக்குள் விரட்டுவது. போகிற வழியெல்லாம் கீற்றில் பொறி விழும். வீடு இல்லாத திடலுக்கோ தரிசுக்கோ திருப்பி, டிரெய்லரைக் கழற்றிவிட்டு என்ஜினை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். வைக்கோல் போனால் போகட்டும். கம்பி வண்டியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் யாரும் வண்டியைத் தொடக் கூடாது. ஓட்டுநர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இறங்காமல், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்து, கால்களை அகட்டாமல் தத்தித் தத்தி விலகிப் போக வேண்டும்.

முதல் பத்து நிமிடம்

எங்கள் தெருவில் தண்ணீர் முழுவதையும் எரிகிற வீட்டின் மேல் ஊற்றினோம். அந்த வீடு ஏற்கெனவே போய்விட்டது. கீற்றுக் கூரை பற்றி எழும்பினால் அதைக் குடத்துத் தண்ணீரால் அணைக்க முடியாது. தண்ணீர் போக வேண்டிய இடம் காற்று போகிற பக்கத்து வீடு. ஈரச் சாக்கை அந்தக் கூரை மேல் பரப்பி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் அடுத்த வீட்டுக் கூரையைப் பிரித்துத் தள்ள வேண்டும்.

இந்தப் பிரிப்பதில்தான் நாங்கள் தயங்கினோம். எரியாத வீட்டை எப்படிப் பிரிப்பது, அந்த வீட்டுக்காரர் மனசு என்ன ஆகும் என்று நின்றோம். கடைசியில் என் சித்தப்பாவே துரட்டியை எடுத்துத் தன் வீட்டு விட்டத்தில் மாட்டி, "இழுங்கடா" என்றார். 10 பேர் பிடித்து இழுத்தோம். கூரை ஒரு பக்கமாகச் சரிந்து, புழுதியும் கரையானும் கொட்டித் தெருவில் விழுந்தது. தீ அந்த இடைவெளியில் நின்றது. அவர் வீட்டுக்குப் பிறகு இருந்த 11 வீட்டில் ஒரு ஓலைகூடக் கருகவில்லை. அந்த முடிவை 10 நிமிடம் முன்னால் எடுத்திருந்தால் இன்னும் 3 வீடு நின்றிருக்கும். யார் வீட்டுக் கூரையைப் பிரித்தாலும் ஊரே சேர்ந்து மறுபடி வேய்ந்து கொடுக்கும் என்பதைத் தீ இல்லாத நாளிலேயே பேசி வைத்துவிட வேண்டும்.

இன்னொரு தவறு, மோட்டாரை நம்பியது. எல்லோரும் போர்செட்டைப் போடு என்று கத்தினார்கள். தெருவில் கம்பி அறுந்து விழும் என்று மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள், நிறுத்தத்தான் வேண்டும். அப்புறம் மோட்டார் எப்படி ஓடும்? குளத்திலும் முழங்கால் தண்ணீர்தான். கோடையில் தெருவுக்கு ஒரு சிமெண்டுத் தொட்டியாவது நிறைந்திருக்க வேண்டும். யார் வீட்டில் டீசல் என்ஜின் ஓடுகிற நிலையில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். மருந்தடிக்கிற 16 லிட்டர் தெளிப்பான் புல் தீக்கு நல்ல ஆயுதம், ஆனால் முன்பே கழுவி வெறும் தண்ணீர் நிரப்பி வைத்திருக்க வேண்டும்.

101-க்கோ 112-க்கோ கூப்பிடுவதை, யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஒருவர் பெயரைச் சொல்லி "நீ கூப்பிடு" என்று சொல்லுங்கள். இன்னொருவர் பைக்கில் மெயின் ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கு ஊர் பெயர் தெரியும், எந்த வாய்க்கால் பாலம் பாரம் தாங்கும், எந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்பது நமக்குத்தான் தெரியும். கூட்டத்தின் பைக்குகள் அந்தப் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

சாமானை எடுக்க ஓடுவதற்கு முன் ஆளை எண்ணுங்கள். பயந்த பிள்ளைகள் வெளியே ஓடி வராமல் கட்டிலுக்கு அடியிலும் குதிருக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்வது உண்டு. கூரை மேலிருந்து எரிந்து விழுகிற தீ என்பதால் உள்ளே போய்த் திரும்ப நேரமே இருக்காது. 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக் கட்டடத்தின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் போனார்கள். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த மண்ணில் கீற்று என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கேஸ் சிலிண்டரைத் தூக்கிவர உள்ளே பாய்வதும் கூடாது. தீ எட்டாத மூலையில் இருந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி எடுக்கலாம். தீ சூழ்ந்துவிட்டால் எல்லோரையும் தூரத்துக்கு விலக்கிவிட்டு, வண்டி வந்ததும் முதல் வேலையாக அது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். மாடுகளை இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சில் கட்டிப் பழகுங்கள். கொட்டகைத் தூணில் ஒரு அரிவாள் செருகியிருந்தால் இன்னும் நல்லது.

தீப்புண்

புண் மேல் இங்க், பற்பசை, மஞ்சள், தோசை மாவு எதுவும் வேண்டாம். ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் கூடாது. வளையல், மோதிரம், மெட்டி எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான வேட்டித் துணியால் மூடி 108-ல் ஏற்றுங்கள். முகத்தில் புகை அடித்து, குரல் கம்மியிருந்தால் வெளியே புண்ணே தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

அணைந்த பிறகு

என் பெரியம்மாவின் தகரப் பெட்டி சாம்பலுக்குள் முழுசாகக் கிடந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பட்டா, பத்திரம், அக்காவின் மார்க் ஷீட், சீட்டுப் பணம் எல்லாம் அதில்தான். உடனே நெம்பித் திறந்தோம். உள்ளே காகிதங்கள் பழுப்பேறி, ஆனால் எழுத்து தெரிகிற மாதிரி அடுக்கிக் கிடந்தன. ஒரு நொடிதான். காற்றுப் பட்டதும் ஓரத்தில் கங்கு ஓடி, எங்கள் கண் முன்னாலேயே குப்பென்று பற்றிவிட்டது. மூடிய பெட்டிக்குள் சூடு பல மணி நேரம் நிற்கும். வெளியே தண்ணீர் ஊற்றி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் திறக்க வேண்டும். அதைச் சொல்ல அன்றைக்கு யாருமில்லை.

கருகிய ரூபாய் நோட்டை விரித்துப் பார்க்காதீர்கள், கட்டாகவே ஒரு டப்பாவில் வையுங்கள். ஓரம் கிழிந்த நோட்டை வங்கிக் கிளை மாற்றித் தரும். மிகவும் கருகி நொறுங்குகிற நோட்டை ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், நமக்கு அது சென்னை. நகை இருந்த மூலைச் சாம்பலை அள்ளிக் கொட்டாமல் மாவுச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். வைக்கோல் போர் எரிந்திருந்தால் 2, 3 நாள் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும், ராத்திரிக்கு முறை போட்டு ஆள் உட்கார வேண்டும்.

இடத்தைச் சுத்தம் செய்ய இளைஞர்கள் உடனே மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்கள். நல்ல மனசுதான், ஆனால் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதி, படம் எடுத்த பிறகு செய்யுங்கள். நிவாரணமும், பிறகு கேட்கப்போகிற நகல் ஆவணங்களும் அந்த அறிக்கையில்தான் நிற்கின்றன. கலைஞரின் கனவு இல்லம் மாதிரியான வீட்டுத் திட்டத்துக்கு மனுக் கொடுக்கும்போதும் அது கையில் இருக்கட்டும்.

உதவியில் நாங்கள் செய்த தவறும் உண்டு. முதல் நாள் 7 குடும்பத்துக்கு 20 வீட்டுச் சாப்பாடு வந்தது, பாதி வீணாகப் போனது. ஆறாம் நாள் ஒரு வீட்டில் கஞ்சிக்கு உப்பு இல்லை. பழந்துணி மூட்டை மூட்டையாக வந்தது, புது உள்ளாடை ஒன்றுகூட இல்லை. ஒரு பாட்டிக்குக் கண்ணாடி போய்விட்டது, சர்க்கரை மாத்திரை போய்விட்டது. வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்பட்டு 4 நாள் மாத்திரையே போடாமல் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வீடு ஒரு பெண் போய்த் தனியாக உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நாப்கின் வேண்டும் என்று ஆண்கள் நிற்கிற இடத்தில் எந்தப் பெண் சொல்லுவாள்?

பணம் கொடுத்ததைச் சிலர் நோட்டில் ஏற்றி வைத்ததும் எனக்கு வருத்தம். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்து ஒருவரை ஒருவர் தூக்கிவிடுகிற வழக்கம் உண்டு, அது பெருமைக்குரிய வழக்கம், திருப்பிச் செய்வதாகச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். தீயில் எல்லாம் போய் நிற்கிறவருக்குக் கொடுப்பது அந்தக் கணக்கில் சேராது. கஜா அடித்த 2018 நவம்பரில் முகம் தெரியாதவர்கள் லாரி லாரியாக அரிசியும் தார்ப்பாயும் கொண்டுவந்து இறக்கினார்களே, அவர்கள் யாரிடம் நோட்டு இருந்தது?

ஆனியில் மேல்காற்று பலப்படும் முன்பே 7 வீட்டையும் சித்தப்பா வீட்டையும் வேய்ந்து முடித்தோம். கீற்று முடைந்தது பக்கத்து ஊர்ப் பெண்கள், மூங்கில் கொல்லைக்காரர்கள் கொடுத்தது. இந்த முறை வீட்டுக்கு வீடு சுவரோரம் ஒரு துரட்டி சாத்தியிருக்கிறது, தெருமுனைத் தொட்டியை வாரம் ஒருமுறை நிரப்புகிற பொறுப்பு முறை வைத்துச் சுற்றி வருகிறது. அக்காவின் மார்க் ஷீட் நகல் பள்ளி வழியாக விண்ணப்பித்து 8 மாதம் கழித்து வந்தது. அதை இப்போது பெரியம்மா பெட்டியில் வைப்பதில்லை. ஒரு பிரதி மாடி வீட்டு அத்தையிடம் இருக்கிறது, படம் எங்கள் எல்லோர் போனிலும் இருக்கிறது.