பழைய ஃபோர் வீல் ஜீப்பில் ஆயில் சம்ப் கழற்றும் முறை

திருநெல்வேலி மாவட்டத்தில் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறும் பாதையில் ஓடிய ஜீப்பின் அடியில் படுத்துப் பாருங்கள், ஆயில் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஒரு கல்லடியாவது இருக்கும். இடுக்கை அடைக்கும் பேக்கிங் காய்ந்து கசியும், ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டின் மரை போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் ஆயிலோடு சேறும் கலந்திருக்கும். சம்ப்பைக் கழற்ற நம் பக்கத்தில் காரணத்துக்குப் பஞ்சமில்லை.

மஹிந்திரா எம்எம்540 மாதிரி, முன்பக்கம் பட்டையும் (இலை ஸ்பிரிங்) இரு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்ஸிலும் உள்ள பழைய டீசல் ஜீப்புகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பல வண்டிகளில் பழைய 2112 சிசி பூஜோ இன்ஜினை இறக்கிவிட்டு வேறு ஏற்றியிருப்பார்கள். போல்ட் கணக்கு மாறும், முறை மாறாது. சம்ப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் சின்னவை, அவை எளிதாக வந்துவிடும். கீழே ஆக்ஸில் குறுக்கே நிற்கிறதே, அதைத் தாண்டி சம்ப்பை வெளியே எடுக்க இடம் உண்டாக்குவதுதான் உண்மையான வேலை.

முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள்

இன்ஜின் தலையை மூடும் டேப்பெட் கவரில் கசிகிற ஆயில் இன்ஜினின் மேல் வழிந்து சம்ப் ஓரத்தில் வந்துதான் சொட்டும். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் போயிருந்தால் கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டும். டீசல் தொட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே கசிவதற்குக் கீழே கழற்றிப் பயனில்லை.

தூக்குவது

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பினால் இரு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தப் பிடி நழுவிவிடும். அதனால் சமதரையில் நிறுத்தி, இரண்டு பின் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

ஆயில் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது வடித்துவிடுங்கள். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸின் இரு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு கொடுங்கள். ஹாலோ பிளாக், செங்கல் வேண்டவே வேண்டாம். பாரம் ஏறினால் அவை சொல்லாமல் நொறுங்கும். “சின்ன வேலைதானே அண்ணாச்சி, ஜாக்கி போதும்” என்று யார் சொன்னாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஸ்டாண்டு நின்றதும் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஆக்ஸிலை மெல்ல இறக்குங்கள். அது பட்டையில் தொங்கும், சம்ப்புக்குக் கீழே இடம் கிடைக்கும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தடுத்தால், சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். திரும்ப அதே நிலையில் மாட்ட வேண்டும். ஷாஃப்ட் மூட்டில் உள்ள கிராஸின் மூடிகள் கழன்று ஊசி ரோலர் கொட்டாமல் டேப் சுற்றிவிடுங்கள்.

இதற்கும் இடம் போதவில்லையா? இன்ஜின் மவுண்ட்டுகளைத் தளர்த்தி இன்ஜினைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். அப்போது ஃபேன் ரேடியேட்டரில் இடிக்காமல் ஒருவர் மேலே நின்று பார்க்கட்டும்.

கழற்றுவது

போல்ட்டுகளை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். நான்கு மூலையிலும் ஒவ்வொரு போல்ட்டை இரண்டு மூன்று மரை பிடித்தபடி விடுங்கள், இல்லையென்றால் சம்ப் மிச்ச ஆயிலோடு முகத்தில் விழும். நீளம் மாறும் போல்ட்டுகள் இருக்கலாம். அட்டையில் சம்ப் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

எல்லாம் தளர்ந்தும் சம்ப் வராது, பேக்கிங் பிடித்திருக்கும். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் விளிம்பு வளைந்து, புதுப் பேக்கிங் போட்டாலும் கசியும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். அசையாவிட்டால் மெல்லிய பட்டி பிளேடை விளிம்போடு நகர்த்துங்கள்.

பாதி இறங்கி நின்றுவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னரோ (ஆயிலை வடிகட்டும் வலை) கிராங்க்கின் எடைப் பகுதியோ உள்ளே தட்டுகிறது. கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையில் சுற்றினால் எடைப் பகுதி மேலே போய்விடும்.

சம்ப்புக்குள் என்ன இருக்கிறது

இனி சம்ப்பைக் கழுவ அவசரப்படாதீர்கள். அடியில் தங்கியதை வெள்ளைத் துணியில் வழித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்புத் துகள். ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் பேரிங் மேல்பூச்சு தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் வருகிறது என்று பொருள். அப்போது மேலே மாட்டும் முன் பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும். ஆயில் டீ நிறத்தில் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளத்தில் நிற்காத வண்டி என்றால் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகப்படுங்கள். ஸ்ட்ரெய்னர் வலையையும் பாருங்கள். முன்பு யாரோ அள்ளி அப்பிய சிலிகான் துணுக்கு அங்கே அடைத்து, ஆயில் பிரஷரைக் கொன்றுகொண்டிருக்கும்.

திரும்ப மாட்டுவது

பழைய பேக்கிங்கை முழுக்கச் சுரண்டி, டீசலில் கழுவித் துடையுங்கள். தகர சம்ப்பில் போல்ட் துளையைச் சுற்றி மேடு கிளம்பியிருந்தால், மரக்கட்டை மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள். அலுமினிய சம்ப்பைத் தட்டாதீர்கள், விரிசல் விடும்.

புதுப் பேக்கிங் போதும். சிலிகானை, முன் கவரும் பின் பேரிங் கேப்பும் சேரும் மூலைகளில் மட்டும் மெல்லிதாக வையுங்கள். எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கார்க் பேக்கிங்கை ஒரேயடியாக முறுக்கினால் பிதுங்கி வெளியே வரும்.

சிலிகான் காய நேரம் கொடுத்து ஆயில் ஊற்றுங்கள். கழற்றிய பேட்டரி, ஷாக், ஷாஃப்ட் எல்லாம் மாட்டியாகிவிட்டதா என்று ஒரு முறை பாருங்கள். இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால் இன்ஜின் கிளம்பாமல் சுற்றும். ஆயில் மீட்டர் முள் அசைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நாள் ஓடியபின் போல்ட்டுகளை ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். அது தாமிரபரணிக்குத்தான் போகும். கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.